நான்கு மணி மூட்டம்

நீலிமட்டம் எஸ்டேட்டில் ஐப்பசி மாதம் ஒரு புதன்கிழமை சாயங்காலம் நான்கு மணிக்கு மலை உச்சியிலிருந்து இறங்கிய பனிமூட்டம் வாசனையோடு வந்தது. மூட்டம் அந்த ஊருக்குப் புதிய விருந்தாளி அல்ல. வருஷத்தில் எட்டு மாதம் அது கேட்காமல் வீட்டுக்குள் நுழைந்து, கொடியில் கிடக்கிற துணியை மறுபடி நனைத்து, தீப்பெட்டியை நமத்துப்போக வைத்து, கட்டிலுக்கு அடியில் கொஞ்ச நேரம் படுத்துக் கிடந்துவிட்டு வந்த வழியே போய்விடும், ஏன் வந்தாய் என்று யாரும் அதைக் கேட்பதில்லை. அதனால் வாசனையோடு வந்த அன்றைக்கும் யாரும் பயப்படவில்லை. யாரோ எதையோ பிரித்துவிட்டார்கள் என்றுதான் நினைத்தார்கள்.

தேயிலைத் தோட்டத்தை அங்கே காடு என்பார்கள். பதினான்காம் நம்பர் காட்டில் முப்பது பெண்கள் இடுப்பில் சாக்கைச் சுற்றிக் கட்டிக்கொண்டு கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். முதலில் நிமிர்ந்தவள் பிலோமி.

"எவடி அவ, வேலை நேரத்துல சிப்ஸ் பாக்கெட்டைப் பிரிச்சது? தக்காளி மசாலா மணக்குது."

"சிப்ஸா? எனக்கு நூடுல்ஸுல்ல மணக்குது," என்றாள் அடுத்த வரிசைக்காரி.

"ரெண்டு பேருக்கும் ஜலதோஷம். இது மாங்கா மிட்டாய்," என்றது செடிக்குப் பின்னாலிருந்து ஒரு குரல். சூப்பர்வைசர்கூடத் தொப்பியைக் கழற்றிவிட்டு மூக்கை உயர்த்தி, "இது ஆரஞ்சு ஜூஸு," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். சொன்னது எல்லோருக்கும் கேட்டுவிட்டதென்று தெரிந்ததும் வெட்கப்பட்டு, தேவையில்லாமல் விசில் ஊதினார்.

ஞானசௌந்தரி மட்டும் வாயைத் திறக்கவில்லை. அவளுக்கு வந்தது கறுப்பு பிஸ்கட்டின் வாசனை, இரண்டு கறுப்பு வட்டங்களுக்கு நடுவே வெள்ளை கிரீம் வைத்த பிஸ்கட், பிரித்து, கிரீமை முன்பல்லால் சுரண்டித் தின்ற பிறகு கறுப்பைத் தின்கிற பிஸ்கட். உதட்டில் படிந்த பனித்துளியை நாக்கால் தொட்டுப் பார்த்தாள். அது இனித்தது.

அவளுக்கு நாற்பத்து மூன்று வயது, அதில் இருபத்திரண்டு வருஷம் அந்த எஸ்டேட்டில் நிரந்தரத் தொழிலாளி. புருஷன் எபனேசர் வாடகை ஜீப் ஓட்டுகிறவன், மகளைத் திருப்பூரில் கட்டிக்கொடுத்தாகிவிட்டது, எஸ்டேட் தொழிலாளிகளுக்குக் கொடுக்கிற லைன் வீடு அவள் பேரில் இருந்தது. காலை எட்டு மணியிலிருந்து ஈரக்காலோடு நின்று, குனிந்து, இன்னொருவர் குடிக்கப் போகும் டீக்கு இலை பறித்து, எடைக்கொட்டகையில் சாக்கை இறக்கியதும், உடம்பில் ஒன்றுமே மிச்சமில்லாத அந்த நேரத்தில் அவள் நேரே வளைவில் இருந்த சைதலவியின் கடைக்குப் போவாள், இரண்டு பாக்கெட் கிரீம் பிஸ்கட் வாங்குவாள். ஒருநாளும் அந்தப் பாக்கெட் வீடுவரைக்கும் வந்து சேர்ந்ததில்லை. அந்த நாளில் அவளுக்கென்று இருந்தது அந்த இனிப்பு ஒன்றுதான், அதை நடந்துகொண்டே தின்று முடிப்பாள்.

ஒரே வாரத்தில் ஊர் கணக்கைப் புரிந்துகொண்டது. அவரவர் நாக்கு எதைக் கேட்டு அலைகிறதோ அதுவே அவரவருக்கு மணக்கிறது, நான்கு மணிக்கு வருகிறது, கால் மணி நேரம் நிற்கிறது, போகிறது. புரிந்த பிறகு அது மற்ற எல்லாவற்றையும் போல ஊர் வழக்கமாகிவிட்டது. பஸ் டிரைவர் எந்த வளைவில் இருந்தாலும் நான்கு மணிக்கு வண்டியை ஓரங்கட்டி, ஸ்டியரிங்கில் தலை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். சர்ச்சில் மாலை ஜெபத்தை மூன்று மணிக்கு மாற்றினார்கள். மாரியம்மன் கோயிலில் ஒரு வெள்ளிக்கிழமை சுண்டலுக்குப் பதில் சிப்ஸ் படைத்துப் பார்த்தார்கள்; மூட்டம் குறையவில்லை, கூட்டம்தான் கூடியது. பெண் பார்க்க வந்தவர்கள் படிப்பு, நிறம் எல்லாம் கேட்டு முடித்து, "பொண்ணுக்கு மூட்டம் என்ன மணக்குது?" என்று கடைசியாகக் கேட்டார்கள். எஸ்டேட் ஆபீஸிலிருந்து மூக்கைத் துணியால் கட்டிக்கொள்ளச் சொல்லி சர்க்குலர் ஒட்டினார்கள். கட்டின துணி நனைந்து முன்னைவிட அதிகமாக மணந்தது. மேல் லைனில் பதினோரு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாத ஒரு புருஷனும் பெஞ்சாதியும் இருந்தார்கள், இரண்டு பேருக்கும் ஒரே தேங்காய் பிஸ்கட் வாசனை வருவது தெரிந்ததும் வாசலின் இரண்டு பக்கமும் உட்கார்ந்து அதை மூச்சில் இழுத்துக்கொண்டிருந்தார்கள், அப்போதும் பேசிக்கொள்ளவில்லை.

சைதலவியின் கடையில் பாக்கெட்டுகள் சரம்சரமாகத் தொங்கின. சமவெளியில் அடைத்த காற்று மலை ஏற ஏற உப்பும் என்பதால், ஒவ்வொரு பாக்கெட்டும் வயிறு புடைத்து, தொட்டால் வெடித்துவிடும்போல இருக்கும். அவற்றைக் கிழிக்கும்போது இப்போது உள்ளேயிருந்து ஒரு கை அளவு வெள்ளை மூட்டம் எழும்பி, ஓட்டு விளிம்பைத் தாண்டி, மேலே நிற்கிற பெரிய மூட்டத்தோடு போய்ச் சேர்ந்தது. எல்லோரும் அதைப் பார்த்தார்கள். பார்த்துக்கொண்டே தின்றார்கள். கார்த்திகை பிறந்தபோது மூட்டம் கால் மணி நேரத்திலிருந்து ஒன்றரை மணி நேரமாகியிருந்தது, வெயில் படாத செடிகளில் கொப்புள நோய் விழுந்து கொழுந்து சுருண்டது, பஸ் ஒரு நடையைக் குறைத்துக்கொண்டது.

ஞானசௌந்தரிக்கு அதைவிடப் பெரிய கவலை இடது கணுக்காலில் இருந்தது. அட்டை கடிப்பது அங்கே யாருக்கும் பெரிய விஷயமில்லை, சுண்ணாம்பைத் தடவினால் விழுந்துவிடும், மறுநாள் தழும்புகூட இருக்காது. புரட்டாசியில் அவளை அட்டை கடித்த கடிவாய் மட்டும் மூடவே இல்லை. ஐம்பது நாளாகியும் அந்தப் புண் ஒரு சின்னக் கண்ணைப்போலத் திறந்தே கிடந்து நீர் விட்டது.

எஸ்டேட் ஆஸ்பத்திரி நர்ஸ் ரோஸ்லின் ஊசியால் விரலைக் குத்தி மெஷினைப் பார்த்தாள், மறுபடி குத்திப் பார்த்தாள்.

"சர்க்கரை முந்நூத்தி எண்பது. மாத்திரை போடுறீங்களா இல்லையா?"

"போடுறேன் சிஸ்டர். ஒருநாள் விடல."

"மாத்திரை ஒரு கை, வாய் ஒரு கை. ஒரு கை தட்டினா ஓசை வருமா? இன்னும் மூணு மாசம் இப்படியே போனா காலுல கத்தி வைக்கணும்னு கோயமுத்தூர் டாக்டர் எழுதிக் கொடுப்பார். அப்புறம் நீங்க மலையேறி நிக்க முடியாது."

மலையேறி நிற்க முடியாதவளுக்கு வேலை இல்லை, வேலை இல்லாதவளுக்கு லைன் வீடு இல்லை. ரோஸ்லின் அதைச் சொல்லவில்லை. அந்த எஸ்டேட்டில் அதைச் சொல்லித் தெரிய வேண்டியவர்கள் யாரும் கிடையாது.

அன்றைக்கு அவள் இனி பிஸ்கட்டைத் தொடுவதில்லை என்று எபனேசரின் கையில் அடித்துச் சத்தியம் செய்தாள். மறுநாளிலிருந்து அவன் எடைக்கொட்டகை வாசலிலேயே ஜீப்பை நிறுத்தி, கடை இல்லாத சுற்றுப்பாதையில் அவளை ஏற்றிக்கொண்டு போனான். வீட்டுக் கதவைச் சாத்தி, ஜன்னலில் சாக்கை அடைத்தார்கள். மூட்டம் சாவித் துவாரத்தின் வழியே நூல்போல வந்து, அறைக்குள் அகலமாகி, அவள் மடியில் உட்கார்ந்தது. மூன்று நாள் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தாள். நாலாம் நாள் எபனேசருக்குச் சவாரி வந்தது. அவள் கட்டுப்போட்ட காலைச் செருப்பில் நுழைத்துக்கொண்டு, முன்னால் கையை நீட்டியபடி, ஒன்றும் தெரியாத வெள்ளைக்குள் வாசனையைப் பிடித்துக்கொண்டே நடந்து கடையின் மரப்பலகையில் போய் மோதினாள்.

"ஞானம் சேச்சி," என்றான் சைதலவி, மலையாளம் கலந்த தமிழில். "உங்களுக்குக் கொடுக்கக் கூடாதுன்னு சிஸ்டர் பறஞ்சிட்டுப் போயிருக்கு."

"எனக்கில்ல காக்கா," என்றாள், அண்ணனுக்கு அவன் ஊரில் சொல்கிற முறையில். "வீட்டுக்கு விருந்தாள் வந்திருக்காங்க."

இந்த மூட்டத்தில் எந்த விருந்தாளி மலை ஏறி வருவான் என்று அவன் கேட்டிருக்கலாம். இரண்டு பாக்கெட்டை எடுத்துப் பலகைமேல் வைத்துவிட்டு வேறு பக்கம் பார்த்தான். கடைக்குப் பின்னால், சுவரைப் பார்த்து நின்றுகொண்டு, கிரீமைச் சுரண்டக்கூடப் பொறுமையில்லாமல் அவள் இரண்டையும் தின்று முடித்தாள். கிழித்த வாயிலிருந்து எழுந்த மூட்டம் அவள் தலைமுடியைத் தொட்டுக்கொண்டு மேலே போனது.

எபனேசர் திரும்பி வந்தபோது அவள் பல்லில் கறுப்பு ஒட்டியிருந்தது. அவன் திட்டவில்லை. வெந்நீர் வைத்து, கட்டைப் பிரித்து, புண்ணைக் கழுவினான். 

"நான் என்ன செய்யணும், சொல்லு ஞானம். கதவைப் பூட்டிட்டுப் போகணுமா?"

"அது வரும்போது நான் நானா இருக்க மாட்டேங்கிறேன்," என்றாள் அவள். "பூட்டினா ஓட்டைப் பிரிச்சுட்டுப் போவேன் போலிருக்கு. எனக்கே என்னைப் பார்த்தா பயமா இருக்கு."

கார்த்திகை கடைசியில், பதினான்காம் காட்டின் ஓடைப் பக்கத்து ஓரத்தில் களை எடுக்கிற லேசான வேலையை அவளுக்குக் கொடுத்திருந்தார்கள். அன்றைக்கு நான்கு மணி ஆவதற்குக் கொஞ்சம் முன்னால் மற்றவர்கள் எடைக்குக் கிளம்பினார்கள். அவளுக்குக் கால் வீங்கி, செருப்பு வார் அறுந்து போயிருந்தது.

"நான் இங்கயே உக்காந்திருக்கேன் பிலோமி. அவரை ஜீப்போட மேல் ரோட்டுக்கு வரச் சொல்லு."

"தனியாவா? மூட்டம் இறங்கிடுமே."

"கூப்பிடு தூரம்தானே. போடி."

போனவர்களின் பேச்சுச் சத்தம் திரும்பி மறைவதற்குள் மூட்டம் இறங்கிவிட்டது. முதலில் எதிர்மலை போனது, பிறகு ரோடு போனது, பிறகு அவள் உட்கார்ந்திருந்த பாறையின் மறுவிளிம்பு போனது. அந்த விளிம்புக்கு அப்பால் இருபது ஆள் ஆழத்தில் ஓடை. இடது பக்கம் எங்கேயோ காட்டெருமை மூச்சுவிடுகிற சத்தம். ஓர் அடிகூட எடுத்து வைக்க வழியில்லை. அப்போதுதான் வாசனை வந்தது.

கால்மாட்டில் தொடங்கியது. முழங்காலுக்கு வந்து, வயிற்றுக்கு வந்து, நெஞ்சுக்கூட்டுக்குள் ஒரு பெட்டியைத் திறந்ததுபோல விரிந்து, தொண்டையில் ஏறி நின்றது. வாயில் எச்சில் ஊறி ஊறி அவள் விழுங்கிக்கொண்டே இருந்தாள். இன்று ஒருநாள் என்றது அது. ஒரே ஒன்று என்றது. இருபத்திரண்டு வருஷம் உழைத்தவளுக்கு ஒரு பிஸ்கட் ஆகாதா என்றது, அது நியாயமான கேள்வி. அவள் அதைக் கெட்ட வார்த்தையில் வைதாள். பக்கத்துத் தேயிலைச் செடியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அழுதாள். முற்றின இலையைப் பறித்துக் கசக்க மென்றாள். வாசனை இன்னும் ஏறியது, இதற்குமேல் ஏறினால் ஓடையோ எருமையோ எதுவானாலும் சரி தவழ்ந்தாவது கடைக்குப் போய்விடுவோம் என்று அவள் கையைத் தரையில் ஊன்றினாள், ஊன்றின கை அப்படியே இருந்தது, வாசனை அதற்குமேல் ஏறவில்லை.

கொஞ்ச நேரம் அது அங்கேயே நின்றது, என்ன செய்வதென்று அதற்கும் தெரியாததுபோல. பிறகு, யாரும் எதுவும் கொடுக்காமல், யாரும் விரட்டாமல், இறங்க ஆரம்பித்தது. தொண்டையை விட்டது. நெஞ்சை விட்டது. கண்ணுக்கு முன்னால் முதலில் ஓர் இலை தெரிந்தது, பிறகு அந்த இலையைச் சேர்ந்த செடி தெரிந்தது, பிறகு மண்ணில் ஊன்றியிருந்த தன் கையே அவளுக்குத் தெரிந்தது. நனைந்த புல்லின் வாசனை வந்தது. அவ்வளவுதான்.

ஜீப்பை ரோட்டில் நிறுத்திவிட்டு எபனேசர் ஓடிவந்தபோது அவள் பாறையில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள், முகமெல்லாம் அழுத ஈரம்.

"என்ன ஆச்சு? விழுந்துட்டியா?"

"போயிடுச்சுங்க."

"எது?"

"அதுவா வந்துச்சு, அதுவா போயிடுச்சு. நான் ஒண்ணுமே செய்யல. சும்மாதான் இருந்தேன்." சொல்லச் சொல்ல அவளுக்கே ஆச்சரியம் கூடிக்கொண்டே போனது. "இத்தனை வருஷத்துல அது போறத நான் பார்த்ததே இல்ல. அது போறதுக்கு முன்னாடி நான் போயிடுவேன், கடைக்கு."

"எவ்வளவு நேரம் இருந்துச்சு?"

"அரைச் சாக்குக் கொழுந்து எடுக்குற நேரம். அரை மணிக்கு மேல இருக்காது."

ஊரின்மேல் மூட்டம் ஒன்றரை மணி நேரம் நின்ற நாள் அது. அவளைச் சுற்றி மட்டும் அது சீக்கிரம் விலகியிருந்தது.

மறுநாள் அவளாகவே எடைக்கொட்டகைக்குப் பின்னாலிருந்த திட்டில் போய் உட்கார்ந்தாள். அதற்கு மறுநாளும். எல்லா நாளும் அது பாறையில் நடந்ததுபோல நடக்கவில்லை; ஆறாம் நாள் பாதியில் எழுந்து ஓடினாள், ஓடிய வேகத்தில் வாங்கித் தின்றாள். மறுநாள் காலையில் கொழுந்து எடுக்கும்போது பிலோமியிடம் அதை மறைக்காமல் சொன்னாள்.

"இன்னைக்கு நான் உன் கையைப் பிடிச்சுக்கிறேன்," என்றாள் பிலோமி. "நீ என் கையைப் பிடிச்சுக்க. ரெண்டு பேரும் ஒரே நேரத்துல ஓடுனா பார்க்கலாம்."

இரண்டு பேர் உட்கார்ந்த இடத்தில் மார்கழி நடுவில் பதினேழு பேர் உட்கார்ந்தார்கள். யாரும் கூட்டம் போட்டுக் கூப்பிடவில்லை. நான்கு மணியானால் சாக்கை விரித்து, அடுத்தவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, வருவதற்குக் காத்திருந்தார்கள். வந்ததும் ஒவ்வொருத்தியும் தனக்கு மணப்பதைச் சத்தமாகச் சொன்னாள், சொன்னால் கொஞ்சம் லேசாக இருந்தது.

"கறுப்பு பிஸ்கட். நடுவுல வெள்ளை."

"நூடுல்ஸ். தண்ணி வத்துறதுக்கு முன்னாடி."

"தக்காளி சிப்ஸ்," என்றாள் பிலோமி, அன்றைக்கு அதோடு நிறுத்தாமல், "எங்கம்மா செத்துட்டாங்கன்னு போன் வந்து ஊருக்குப் போனேன்ல, பஸ்ஸுல ஏழு மணி நேரம் அதைத்தான் தின்னுக்கிட்டே போனேன். அழுகை வர்றப்பல்லாம் ஒண்ணு எடுத்து வாயில போட்டுக்கிட்டேன்," என்றாள். அவள் மணிக்கட்டைப் பிடித்திருந்த இரண்டு கைகளும் இன்னும் கொஞ்சம் இறுகின. அந்த மூட்டத்துக்குள்ளேயே அவள் அம்மாவுக்காக, நாலு வருஷம் கழித்து, அழுதாள்.

தை பிறப்பதற்கு முந்தின வாரம் சைதலவி கடையை அப்படியே திறந்து போட்டுவிட்டு மேடேறி வந்தான்.

"நீங்க எல்லாரும் இங்க வந்து உக்காந்தா என் கடை எப்படி ஓடும் சேச்சி? எனக்கும் வீட்ல நாலு வயிறு இருக்கு."

அவன் சொன்னதும் நியாயம்தான் என்று ஞானசௌந்தரிக்குத் தோன்றியது. விருந்தாளிக்கு என்று பொய் சொன்ன நாளும் ஞாபகம் வந்தது. அவள் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள்.

"உங்களுக்கு என்ன மணக்குது காக்கா?"

ஊரே ஊரைக் கேட்ட அந்தக் கேள்வியை மூன்று மாதத்தில் அவனிடம் யாரும் கேட்டதில்லை. அவன் நின்றபடியே யோசித்தான்.

"எல்லாம். கடையில தொங்குற எல்லாமும் ஒண்ணா. பஞ்சாரச் சீனியும் மொளகும் எண்ணெயும் சேர்ந்து ஒரே நாத்தம். நாலு மணியானா எனக்குத் தலைவலிதான்." பிறகு மெதுவாகச் சொன்னான், "வீட்ல பிள்ளைங்களுக்கு இதுல ஒண்ணும் கொடுக்கறதில்ல நான்."

சொல்லிவிட்டு, சொன்னதன் எடை தெரிந்தவனைப்போல அவர்களுக்கு நடுவில் உட்கார்ந்தான். இருபக்கமும் பெண்கள் இருந்ததால் யாருடைய கையையும் பிடிக்காமல் தன் கையைத் தானே பிடித்துக்கொண்டான். மாசியில் அவன் மனைவி கடையின் ஒரு மூலையில் மரவள்ளிக்கிழங்கு வேகவைத்துக் காந்தாரி மிளகாய் அரைத்த சம்மந்தித் துவையலோடு இலையில் வைத்துக் கொடுத்தாள். சிலர் அதை வாங்கினார்கள், சிலர் பழையதையே வாங்கினார்கள். பன்னிரண்டு சரம் தொங்கிய இடத்தில் நாலு சரம் தொங்கியது. நாலும் கடைசிவரைக்கும் தொங்கத்தான் செய்தன.

மூட்டம் மெலிந்தது. ஒரு மணி நேரமாகி, அரை மணி நேரமாகி, கடைசியில் வாசனை இருக்கிறதா என்று மூச்சை இழுத்துப் பார்க்க வேண்டியதாகி, பங்குனியில் அது வெறும் பனியாகத்தான் இறங்கியது. பஸ் குறைத்த நடையைத் திரும்ப விட்டார்கள். ஒரு பெண்ணுக்கு மூட்டம் என்ன மணக்கும் என்று யாரும் கேட்பதில்லை, கேட்டார்கள் என்பதையே ஊர் மறக்கத் தொடங்கியது. மேல் லைன் புருஷனும் பெஞ்சாதியும் மட்டும் தங்கள் வாசனை போய்விட்டதற்காக வருத்தப்பட்டார்கள், வருத்தத்தை ஒருவரிடம் ஒருவர் சொல்லிக்கொண்டார்கள் என்றும் கேள்வி.

ஞானசௌந்தரியின் புண் ஓரங்களிலிருந்து இளஞ்சிவப்பாகத் தோல் பிடித்து, ஒரு காலையில் மூடியிருந்தது. ரோஸ்லின் விரலால் அழுத்திப் பார்த்தாள்.

"வலிக்குதா?"

"இல்ல சிஸ்டர்."

"கண்ணையும் ஒருதடவை காட்டிட்டு வந்துடுங்க. சர்க்கரை முதல்ல அங்கதான் திருடும்."

சித்திரையில் அவள் கண் பரிசோதனைக்குப் பொள்ளாச்சிக்கு இறங்கினாள். கண் நன்றாகத்தான் இருந்தது. மத்தியானம் இரண்டு மணிக்கு பஸ் ஸ்டாண்டில் மலைக்குப் போகிற வண்டி தயாராக நின்றது, அதன் வாசலை ஒட்டி ஒரு கடை, கடை நிறைய சரங்கள். வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை, தார் இளகும் வெயில். அந்த வெயிலில் நடந்துகொண்டிருந்தவளுக்கு, ஒரு மூட்டமும் இல்லாமல், ஒரு வாசனையும் இல்லாமல், திடீரென்று தொண்டைவரைக்கும் அது வந்து நின்றது.

அவள் நடுவழியில் நின்றுவிட்டாள். மலைமேல் அதற்கு ஒரு நேரம் இருந்தது, ஓர் உருவம் இருந்தது, அது வருவதை ஊரே பார்த்தது. இங்கே அது யாருக்கும் தெரியவில்லை. காலேஜ் பெண் ஒருத்தி போனைப் பார்த்துக்கொண்டே பாக்கெட்டுக்குள் கையை விட்டுக்கொண்டிருந்தாள், கண்டக்டர் ஒருவர் பாட்டிலை அண்ணாந்து குடித்துக்கொண்டிருந்தார், எதிரே வந்தவர்கள் அவரவர் மூட்டத்துக்குள்ளே நடந்து வருவதுபோல அவளுக்குத் தோன்றியது, பளிச்சென்ற வெயிலில், பிடித்துக்கொள்ள ஒரு மணிக்கட்டு இல்லாமல்.

வண்டியில் ஏற அந்தக் கடையை உரசிக்கொண்டுதான் போக வேண்டும். தூண் ஓரமாக ஒரு சிமென்ட் பெஞ்சு இருந்தது. அதில் போய் உட்கார்ந்து, இரண்டு கையையும் மடியில் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். பக்கத்தில் பூக்கூடையோடு இருந்தவள் அவள் பையையும் பஸ்ஸையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"மலை வண்டிதானே? எடுக்கப் போறான் பாரு, ஓடி ஏறிக்க."

"இல்லக்கா. இந்த வண்டி போகட்டும்."

"அடுத்ததுக்கு ஒரு மணி நேரம் உக்காரணுமேம்மா."

ஞானசௌந்தரி எச்சிலை விழுங்கினாள்.

"அவ்வளவு நேரம் ஆகாதுக்கா," என்றாள்.